பரீட்சை எழுதாத சுவர்கள்

2021-ம் வருஷம் டிசம்பர் மாதம், ஒரே வார இடைவெளியில் இரண்டு சுவர்கள் விழுந்தன.

முதல் சுவர் அமெரிக்காவில். டிசம்பர் 10 இரவு இல்லினாய் மாநிலத்தின் எட்வர்ட்ஸ்வில் ஊரில், அமேசான் நிறுவனத்தின் கிடங்கை சூறாவளி தாக்கியது. சுமார் 40 அடி உயரமுள்ள காங்கிரீட் சுவர்கள் சரிந்தன. ஆறு பேர் இறந்தார்கள்.

இரண்டாவது சுவர் நம்ம திருநெல்வேலியில். டிசம்பர் 17 காலை, இடைவேளை நேரம். சாப்டர் மேல்நிலைப்பள்ளியின் கழிவறைச் சுவர் சரிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அன்று புயல் வீசவில்லை. பூமி அதிரவில்லை. ஒன்றுக்குப் போகப் போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

அங்கே சுவரைச் சாய்க்க ஒரு சூறாவளி தேவைப்பட்டது. இங்கே எதுவுமே தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் அதற்கப்புறம் கேள்விகள் கிளம்பின. சுவர் எப்படிக் கட்டப்பட்டது, ஊழியர்கள் ஒதுங்க என்ன ஏற்பாடு இருந்தது என்று கேட்டார்கள். தொழிலாளர் பாதுகாப்புத் துறை விசாரித்துக் கடிதம் எழுதியது. நாடாளுமன்றக் குழு விளக்கம் கேட்டது. நம்ம ஊரில் கைது நடந்தது, நிவாரணம் அறிவிக்கப்பட்டது, பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டுபிடித்து இடிக்க உத்தரவும் வந்தது. எல்லாம் வேண்டியதுதான். முறையான அஸ்திவாரம் இல்லாமல் எழுப்பிய சுவர் என்றும் அப்போதே செய்தி வந்தது.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். அந்தச் சுவர் கட்டி முடித்த அன்று, அதை 'பாஸ்' போட்டது யார்? எந்தப் பரீட்சை வைத்து?

பதில் உங்களுக்கே தெரியும். நம்ம நாட்டில் சுவருக்குப் பரீட்சை கிடையாது. பூசி, சுண்ணாம்பு அடித்து, திறந்துவைத்தவர் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டால் சுவர் பாஸ். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று பழமொழி சொல்வோம். அந்தச் சுவரை யாராவது தட்டிப் பார்த்தார்களா என்று மட்டும் கேட்க மாட்டோம்.

இரண்டு வருஷம் முன்னால், 2019 டிசம்பர் 2 விடியற்காலையில், மேட்டுப்பாளையம் நடூரில் 20 அடி உயர மதில் ஒன்று பக்கத்து வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அதற்கும் முன்னால், 2014 ஜூன் 28-ல், சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் உட்கார்ந்து 61 பேர் இறந்தார்கள். இது எதுவும் புதிய தொழில்நுட்பம் இல்லை. கல், செங்கல், தூண், உத்தரம் என்று 'நமக்குப் பழகின' முறையில் எழுந்தவைதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வாரம் நான் பேசப்போவது நமக்குப் பழகாத ஒரு முறையைப் பற்றி.

படுத்த சுவர் எழுந்து நிற்கும்

எட்வர்ட்ஸ்வில்லில் விழுந்த சுவருக்கு 'டில்ட்-அப்' என்று பெயர். சுவரைத் தரையில் படுக்கவைத்து வார்த்து, காய்ந்ததும் கிரேனால் நிமிர்த்துவது. இதை முதலில் பெரிதாகச் செய்துகாட்டிய ராபர்ட் எய்க்கன் என்பவரும் அதே இல்லினாய் மாநிலத்தில்தான், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தார். அவர் கருவிகளை வாங்கிய கட்டடக் கலைஞர் இர்விங் கில், 1914-ல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் ஒரு மகளிர் மன்றத்தையே இப்படிக் கட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடமாடும் கிரேன் வந்ததும் முறை பரவியது. இன்றைக்கு அமெரிக்காவில் கிடங்கு, தொழிற்சாலை, பெரிய கடை என்றால் முதலில் யோசிக்கிற முறைகளில் இது ஒன்று.

செய்முறை ரொம்ப எளிது. முதலில் கட்டடத்தின் தரையை காங்கிரீட் போட்டு மட்டமாக்கிவிடுகிறார்கள். அந்தத் தரைதான் அச்சு. அதன் மேல் ஒட்டாமல் இருக்க ஒரு திரவம் பூசுகிறார்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி. சுவர் அளவுக்குச் சுற்றிலும் சட்டம் அடித்து, ஜன்னல், கதவு வரும் இடத்தை அடைத்துவிட்டு, கம்பி கட்டி, தூக்குவதற்கான கொக்கிகளையும் பிணைப்பதற்கான இரும்புத் தகடுகளையும் உள்ளே பொருத்தி காங்கிரீட் ஊற்றுகிறார்கள். போதுமான பலம் ஏறியதும் கிரேன் வந்து ஒவ்வொரு பலகையாக நிமிர்த்தி அஸ்திவாரத்தில் நிறுத்துகிறது. சாய்மானக் குழாய்கள் முட்டுக் கொடுக்கின்றன. எல்லாச் சுவரும் நின்று, கூரையோடு பிணைத்து முடிந்த பிறகுதான் முட்டுகளை எடுப்பார்கள்.

சென்னை பெரும்பாக்கத்தில் இதன் சித்தப்பா மகன் ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் 1,152 வீடுகள். 2021 ஜனவரி 1-ல் அடிக்கல் நாட்டி 2022 மே 26-ல் திறந்தார்கள். அங்கே பலகைகளைத் தொழிற்கூடத்தில் வார்த்து லாரியில் கொண்டுவந்து அடுக்கினார்கள். டில்ட்-அப்பில் தொழிற்கூடமும் வேண்டாம், லாரியும் வேண்டாம். கட்டுகிற இடமே தொழிற்கூடம்.

இதை நம்ம தாமிரபரணிக் கரையில் சொன்னால் என்ன பதில் வரும் தெரியுமா? பாளையங்கோட்டையில் ஒரு கான்ட்ராக்டர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, ஆறு இஞ்ச் அட்டையை நம்பியா பிள்ளையள உள்ள விடச் சொல்லுதீய? ஒம்போது இஞ்ச் செங்கச் சொவரு கணக்கா வருமா?"

வராது அண்ணாச்சி. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் மாதிரி வராது. ஏன் என்று சொல்கிறேன்.

எந்தச் சுவர் முதலில் பரீட்சை எழுதுகிறது?

நான் இன்ஜினீயர் இல்லை. பி.காம். படித்தவன். பி.காம்-ல் தணிக்கை என்று ஒரு பாடம் உண்டு. அதில் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுப்பது இது: பணத்தைக் கையாளுகிறவரும் கணக்கைச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இரண்டாவது, வவுச்சர் இல்லாத செலவை ஏற்கக் கூடாது. இந்த இரண்டு விதியையும் சுவருக்குப் போட்டுப் பாருங்கள்.

செங்கல் சுவரில் கலவை எவ்வளவு சிமென்ட், எவ்வளவு மணல் என்பது அன்றைக்குக் கலக்குகிறவரின் சட்டிக் கணக்கு. செங்கல்லை நனைத்துவைத்தாரா என்பது அவர் மனசாட்சிக் கணக்கு. கட்டியபின் ஏழு நாள் தண்ணீர் விட்டாரா என்பது அந்த ஊர்த் தண்ணீர் லாரியின் கணக்கு. பூச்சு பூசினதும் எல்லாக் கணக்கும் மூடியாச்சு. அப்புறம் எக்ஸ்ரே எடுத்தாலொழிய உள்ளே இருப்பது தெரியாது.

டில்ட்-அப்பில் இந்த வசதி இல்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 20 அடி அகலம், 25 அடி உயரம், 6 இஞ்ச் கனம் உள்ள ஒரு பலகை. மொத்தம் 250 கன அடி. சுமார் 7 கன மீட்டர். கம்பி போட்ட காங்கிரீட் ஒரு கன மீட்டர் இரண்டரை டன் என்று வைத்தால், பலகையின் எடை பதினேழு, பதினெட்டு டன். நாலைந்து கோயில் யானை எடை. அதைப் படுத்த நிலையிலிருந்து தூக்கி நிறுத்த வேண்டும்.

அந்தப் பலகை தன் வாழ்நாளில் படுகிற பெரிய கஷ்டங்களில் ஒன்று அந்தச் சில நிமிடங்கள்தான். பல பலகைகளில் எவ்வளவு கம்பி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே நின்ற பிறகு வரும் பாரம் இல்லை, நிமிர்த்தும்போது வரும் வளைவு. காங்கிரீட் மோசமாக இருந்தால் அங்கேயே விரிசல் விடும். கம்பியைத் திருடியிருந்தால் அங்கேயே காட்டிக்கொடுக்கும். கொக்கியைச் சரியாகப் புதைக்காவிட்டால் அங்கேயே பிடுங்கிக்கொள்ளும். அதற்குப் பயந்தே காங்கிரீட்டின் பலத்தைச் சோதித்துக் கையெழுத்து வாங்காமல் கிரேன்காரர் கயிற்றை மாட்ட மாட்டார். மாட்டக் கூடாது. வார்த்தவர் ஒருவர், தூக்குகிறவர் இன்னொருவர். என் தணிக்கை வாத்தியார் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தூக்கும்போது பலகை விழுகிற தூரத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது என்பது விதி. அதாவது, இந்தச் சுவர் தன் முதல் பரீட்சையை, பக்கத்தில் ஒரு பிள்ளை கூட இல்லாதபோது எழுதுகிறது. தோற்றால் கான்ட்ராக்டருக்கு நஷ்டம்.

நம்ம செங்கல் சுவரின் முதல் பரீட்சை எப்போது? ஐப்பசி மழையில். அப்போது அதன் நிழலில் யார் நிற்கிறார்கள்? நம்ம பிள்ளைகள். தோற்றால் யாருக்கு நஷ்டம்?

இதுதான் நான் சொல்ல வருகிற வித்தியாசம். செங்கல் கெட்டது, காங்கிரீட் நல்லது என்பதில்லை. ஒழுங்காகக் கட்டின செங்கல் சுவர் நூறு வருஷம் நிற்கும், பாளையங்கோட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே பார்க்கலாம். ஆனால், ஒழுங்காகக் கட்டினார்களா இல்லையா என்பதை விழுகிற வரைக்கும் சொல்லாத சுவர் அது.

மூட்டு விட்டால் போச்சு

இதற்குள் சிலர் கையைத் தூக்கியிருப்பீர்கள். "அப்புறம் எட்வர்ட்ஸ்வில்லில் ஏன் விழுந்தது?"

நியாயமான கேள்வி. இந்தத் தொழில்நுட்பத்தை விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுகிற விஷயத்தை நானே சொல்கிறேன். பலகைச் சுவரில் பலகை சாதாரணமாக உடைவதில்லை. மூட்டுதான் விடும். கூரை பறந்துவிட்டால் சுவருக்கு மேலே பிடிமானம் இல்லை. அப்போது அது நட்டுவைத்த சீட்டுக்கட்டு. 2011 மே மாதம் மிசௌரி மாநிலம் ஜோப்ளினில் சூறாவளி அடித்தபோதும் ஒரு பெரிய கடையின் இதே வகைச் சுவர்கள் விழுந்து ஆட்கள் இறந்தார்கள்.

லண்டனில் 1968 மே 16 அன்று 'ரோனன் பாயின்ட்' என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18-வது மாடியில் கேஸ் வெடித்தது. ஒரு சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டது. அதை நம்பி நின்ற மேல் மாடிகள் சரிய, அந்தப் பாரத்தில் கீழ் மாடிகளும் சரிந்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் காலி. நான்கு பேர் இறந்தார்கள். 1986-ல் அந்தக் கட்டடத்தைப் பிரித்து இறக்கியபோது பலகைகளின் மூட்டுகளுக்குள் என்ன இருந்தது தெரியுமா? காங்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் செய்தித்தாள்! பத்திரிகைக்காரனான எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன். 2001 ஜனவரி 26, கட்ச் நிலநடுக்கம். குஜராத்தில் அரசு அப்போதுதான் முன்வார்ப்புப் பலகைகளால் கட்டியிருந்த பள்ளிக்கூடங்களில் பலவற்றின் கூரைகள் சரிந்தன. பலகையும் பலகையும் சரியாகப் பிணைக்கப்படவில்லை. குடியரசு தினம் என்பதால் வகுப்பு இல்லை.

ஆகவே, "புது டெக்னாலஜி வந்தாச்சு, இனி சுவர் விழாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிரேன் வைக்கிற பரீட்சை பலகைக்கு மட்டும்தான். மூட்டுக்கும் அஸ்திவாரத்துக்கும் மனிதர்தான் பரீட்சை வைக்க வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. செங்கல் சுவரில் ஆயிரக்கணக்கான ஒட்டு. எத்தனையை சோதிப்பீர்கள்? ஒரு பலகைக்கு இருப்பதோ விரல் விட்டு எண்ணக்கூடிய பிணைப்புகள். ஒருவர் டார்ச் லைட்டும் ஒரு பட்டியலும் எடுத்துக்கொண்டு போனால் ஒரு பகலில் பள்ளிக்கூடம் முழுவதையும் பார்த்துவிடலாம். பார்க்கிற மனசு வேண்டும், அவ்வளவுதான்.

2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் அடுத்தடுத்து அறுந்ததை ஊரே பார்த்தது. தேர் பலமாகத்தான் இருந்தது. இழுக்கிற கயிறு? எந்தப் பெரிய பாரத்திலும் கதை இதுதான். பாரத்தைப் பார்த்து பிரமிப்போம், பிணைப்பைப் பார்க்க மறப்போம்.

சட்டிக் கணக்கும் அசல் கணக்கும்

இனி காசு. "ரொம்ப மலிவாம்ல?" என்று கேட்பவர்களுக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது.

அதே 20-க்கு 25 அடிச் சுவரை ஒன்பது இஞ்ச் செங்கலில் கட்டினால் சுமார் 5,300 செங்கல். காங்கிரீட் பலகையில் செங்கல் பூஜ்யம். ஆனால் சிமென்ட் இரண்டு மடங்குக்கு மேல் போகும், கம்பி தனி. மணல்? பெரிய மிச்சம் கிடையாது. செங்கல் கட்டுக்கும் இருபக்கப் பூச்சுக்கும் போகிற மணலும், காங்கிரீட்டுக்குப் போகிற மணலும் கிட்டத்தட்ட பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். மிச்சம் வேறு இடத்தில். சுவரே பாரம் தாங்குவதால் ஓரத் தூண்களும் உத்தரங்களும் வேண்டாம். பூச்சு வேண்டாம். சாரம் கட்ட வேண்டாம். முக்கியமாக, நாள் மிச்சம்.

மணலைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறக்க முடியாது. 2010 டிசம்பரில் தாமிரபரணியில் ஐந்து வருஷம் மணல் அள்ளத் தடை போட்டது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் நல்லகண்ணு. அதற்குப் பிறகு 'எம்-சாண்ட்' என்றார்கள். கல்லிடைக்குறிச்சி பக்கம் பொட்டல் கிராமத்தில், எம்-சாண்ட் பெயரில் அனுமதி வாங்கி ஆற்று மணலை அள்ளியதாக வழக்கு வந்து கோடிக்கணக்கில் அபராதம் போட்டார்கள். எம்-சாண்ட் வானத்திலிருந்தும் விழுவதில்லை. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். எந்தச் சுவரைக் கட்டினாலும் அது யாரோ ஒருவருடைய ஆறு, யாரோ ஒருவருடைய மலை. அதனால்தான் சொல்கிறேன், கட்டினால் விழாத மாதிரி கட்டுங்கள். விழுந்த சுவரை மறுபடி கட்டுவது ஆற்றை இரண்டு தடவை திருடுவது.

"இதுக்கெல்லாம் நம்ம ஊர்ல வசதி ஏது?" என்று ஒரு சாக்கு வரும். வசதியா? தாழையூத்தில் 1949-லிருந்து சிமென்ட் தயாராகிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாம்பலில் ஒரு பங்கை சிமென்டோடு சேர்க்கலாம். பணகுடி, ராதாபுரம், கயத்தாறு வழியாகப் போயிருக்கிறீர்களா? அங்கே சுற்றுகிற காற்றாலைகளை மேலே ஏற்றியது முருகன் வேல் இல்லை, கிரேன். கூடங்குளத்தில் அணு உலைக்கே காங்கிரீட் போட்ட மாவட்டம் இது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலைக்கு 2024 பிப்ரவரி 25-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 4-ல் திறந்துவிட்டார்கள். பதினேழு மாதம்! காருக்குக் கூரை பதினேழு மாதத்தில் வரும். பள்ளிக்கூடத்துக் கழிவறைக்கு மட்டும் எஸ்டிமேட் இரண்டு வருஷம் மேசை மேசையாக நடக்கும்.

ஒரு பள்ளிக் கழிவறைக்கு 25 அடிப் பலகை எதற்கு? 10-க்கு 10 அடி, 5 இஞ்ச் கனம் போதும். எடை மூன்று டன். நம்ம பைபாஸ் ரோட்டில் தினமும் ஓடுகிற ஹைட்ரா கிரேன் தூக்கிவிடும். முழு ஆண்டு விடுமுறையில் வேலையை ஆரம்பித்தால், பள்ளி திறக்கும்போது சுவர் தயார்.

கொத்தனார் என்ன செய்வார்?

இதுதான் நேர்மையான எதிர்ப்பு. இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசில்லை. கரணையும் தூக்குக்குண்டும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஏராளம். கிரேன் வந்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

முதலில், யாருடைய வேலை போகிறது என்று பார்க்கலாம். தலையில் எட்டு செங்கல் வைத்து சாரத்தில் ஏறுகிற சித்தாள் பெண்ணின் வேலை போகும். சூளையில் முன்பணக் கடனுக்காகக் குடும்பத்தோடு மண் மிதிக்கிறவரின் வேலை குறையும். அந்த வேலைகள் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் ஒரு நாள் அதைச் செய்துவிட்டுப் பேசட்டும். அவர்களுக்கு வேறு வேலைக்கு வழி சொல்லாமல் கிரேனைக் கொண்டுவருவதும் அக்கிரமம்தான். ஆகவே டெண்டரிலேயே எழுதுங்கள்: உள்ளூர் ஆட்களுக்குக் கம்பி கட்ட, சட்டம் அடிக்க, மட்டம் பார்க்க, பிணைப்புப் போடப் பயிற்சி கொடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று. டில்ட்-அப்பில் தரை மட்டம்தான் உயிர். ரசமட்டம் பார்க்கத் தெரிந்த ஒரு மேஸ்திரியை இழக்க எந்தப் புத்திசாலி கான்ட்ராக்டரும் விரும்ப மாட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது எல்லா இடத்துக்கும் ஆகாது. நெல்லை டவுன் ரத வீதிக்குப் பின்னால் சந்துக்குள் மூன்று சென்ட்டில் வீடு கட்டுகிறவருக்கு இது வேண்டாம். கிரேனே உள்ளே வராது. பலகையைப் படுக்கவைக்கவும் இடமில்லை. சித்திரை வெயிலில் ஆறு இஞ்ச் காங்கிரீட் சுவர் செங்கல் சுவரைவிடச் சூடாகும். வெள்ளையடித்து, தாழ்வாரம் இறக்கி, வேப்பமரம் வைத்தால்தான் உள்ளே உட்கார முடியும். விளம்பரக்காரர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எங்கே ஆகும்? காலி மைதானம் உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஆகும். நெல் கிடங்குக்கு ஆகும். கார், பிசானம் என்று நம்ம பள்ளத்தாக்கு விளைவிக்கிற நெல், கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனைகிற போட்டோவை எத்தனை வருஷமாகப் பேப்பரில் பார்க்கிறீர்கள்? நாலு சுவர், ஒரு கூரை, ஒரு மட்டமான தரை. கிடங்கு என்றால் அவ்வளவுதான். டில்ட்-அப் பிறந்ததே இந்த மாதிரிப் பெட்டிக் கட்டடத்துக்குத்தான். அப்புறம், வெள்ள நிவாரண முகாமுக்கு ஆகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி இரு கரையையும் தாண்டியபோது, மண்சுவர் வீடுகள் கரைந்து விழ, ஜனங்கள் ஓடிப்போய் நின்றது எங்கே? பள்ளிக்கூடத்தில், கல்யாண மண்டபத்தில். ஊரே வந்து ஒதுங்குகிற கட்டடத்தின் சுவரையாவது பரீட்சை வைத்துக் கட்ட வேண்டாமா?

சுவருக்கு ஒரு ஜாதகம்

தேசியக் கட்டட நெறிமுறைத் தொகுப்பில் முன்தயாரிப்புக் கட்டுமானத்துக்கு என்று தனிப் பகுதியே இருக்கிறது. சட்டம் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்பது 'குறைந்த டெண்டருக்கே வேலை' என்கிற பழக்கம். குறைந்த விலைக்குக் கட்டிய சுவர் பத்து வருஷத்தில் இடிந்தால் அது குறைந்த விலையா? தேய்மானம் கழிக்காமல் லாபம் காட்டுகிற கணக்கை பி.காம். முதல் வருஷப் பையன் கூட ஃபெயில் போடுவான்.

ஆகவே அரசிடம் நான் கேட்பது மூன்றே விஷயம். ஒன்று, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மூன்று மாவட்டத்திலும் ஒரு பள்ளிக் கட்டடம், ஒரு நெல் கிடங்கு, ஒரு மதில் என்று இந்த முறையில் கட்டிக் காட்டுங்கள். செலவையும் நாளையும் விரிசலையும் பகிரங்கமாக எழுதிவையுங்கள். தேறாவிட்டால் தேறவில்லை என்று சொல்லுங்கள், ஒன்றும் குடி முழுகாது. இரண்டு, கட்டுகிறவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் ஒவ்வொரு மூட்டையும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். மூன்று, செங்கல்லோ பலகையோ எதுவானாலும், பிள்ளைகள் நடமாடும் ஒவ்வொரு பொதுச் சுவரிலும் ஒரு தகடு அடியுங்கள். கட்டிய தேதி, கட்டியவர் பெயர், அஸ்திவார ஆழம், கடைசியாகச் சோதித்தவர் பெயர், சோதித்த தேதி. திறந்துவைத்தவர் பெயருக்குக் கல் கிடைக்கிறபோது, சோதித்தவர் பெயருக்கு ஒரு தகரம் கிடைக்காதா?

மூன்றாவது கோரிக்கைக்குக் கிரேன் வேண்டாம், வெளிநாட்டு டெக்னாலஜி வேண்டாம், தனி பட்ஜெட் வேண்டாம். அதைக்கூடச் செய்ய மாட்டோம் என்றால், நம்ம பிரச்னை செங்கல்லா காங்கிரீட்டா என்பதே இல்லை. தப்பு நடந்தால் பெயர் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். கழிவறைப் பக்கம் ஒரு நடை போங்கள். மதில் பக்கம் போங்கள். சுவர் சாய்ந்திருக்கிறதா, அடியில் மண் அரித்திருக்கிறதா, விரிசலில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். அப்புறம் தலைமையாசிரியரிடம் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"சார், என் பிள்ளை என்ன மார்க் வாங்கியிருக்கான்னு பார்த்தாச்சு. இந்தச் சுவர் என்ன மார்க் வாங்கியிருக்கு?"